கையை ஊன்றாமல் எழுந்திருப்பது

கைப்பிடி இல்லாத நேரான நாற்காலி ஒன்றும் கடிகாரம் ஒன்றும் இருந்தால் போதும், கால் வலுவை அளக்கும் ஒரு சோதனையைச் செய்துவிடலாம். இரண்டு கைகளையும் மார்பின் குறுக்கே கட்டிக்கொள்ள வேண்டும். 30 வினாடிகளில் எத்தனை முறை முழுதாக எழுந்து நின்று மறுபடி உட்கார முடிகிறது என்று எண்ண வேண்டும். 70 முதல் 74 வயது வரையுள்ள ஓர் ஆண் 12 முறைக்குக் குறைவாக எழுந்தால் கால் வலு குறைந்திருக்கிறது, கீழே விழும் ஆபத்து இருக்கிறது என்று பொருள். அதே வயதுப் பெண்ணுக்கு அந்த எண் 10. கையை ஊன்றி எழுந்தால் கணக்கு பூஜ்யம். எனக்கு 72 வயதில், முதல் தடவை கிடைத்தது பூஜ்யம்தான்.

அதற்கு எட்டு மாதங்களுக்கு முன்னால் எனக்குப் புராஸ்டேட் புற்றுநோய், அதாவது ஆண்களுக்குச் சிறுநீர்ப்பையின் கீழே இருக்கும் சுரப்பியில் வரும் புற்றுநோய் என்று தெரிந்தது. இடுப்பில் பல வாரங்களாக விடாமல் ஒரு வலி இருந்தது. வயதாகிவிட்டது, அதனால்தான் வலிக்கிறது என்று நானே முடிவு செய்துகொண்டு தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன். ஸ்கேன் எடுத்தபோது நோய் இடுப்பெலும்பிலும் ஒரு முதுகெலும்பிலும் பரவியிருந்தது. மருத்துவர் எதையும் மூடி மறைக்கவில்லை. "முழுதாகக் குணப்படுத்த முடியாது. ஆனால் கட்டுப்படுத்தி வைக்க முடியும். பலர் பல ஆண்டுகள் நன்றாக இருக்கிறார்கள்" என்றார். மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஹார்மோன் ஊசி. கூடவே மூன்று வாரத்துக்கு ஒன்றாக ஆறு முறை கீமோ.

அந்த ஊசி வேலை செய்யும் விதத்தைப் பிறகுதான் புரிந்துகொண்டேன். புராஸ்டேட் புற்றுநோய் பெரும்பாலும் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனை உண்டு வளர்கிறது. அந்த ஹார்மோனை நிறுத்தினால் நோய் அடங்குகிறது. இதை 1941இல் சார்லஸ் ஹக்கின்ஸ் என்ற மருத்துவர் காட்டினார். அதற்காக 1966இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் உடம்பில் தசையையும் எலும்பையும் தாங்கிப் பிடிப்பதும் அதே ஹார்மோன்தான். அதை அடைத்துவிட்டால் தசை கரைகிறது, வயிற்றில் கொழுப்பு சேர்கிறது, எலும்பின் அடர்த்தி குறைகிறது, இரத்தத்தில் சர்க்கரையும் கொழுப்பும் ஏறுகின்றன. நோயை அடக்கும் அதே ஊசி என் காலையும் மெலியவைத்துக்கொண்டிருந்தது. முதல் ஊசி போட்ட நாளில் பக்கவிளைவுகள் அச்சிட்ட தாள் ஒன்றைக் கொடுத்தார்கள். தசை குறையும் என்று அதில் ஒரு வரி இருந்தது. குறையாமலிருக்க என்ன செய்ய வேண்டும் என்பதற்கு ஒரு வரி கூட இல்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னமும் இருக்கிறது. இதை எழுதுவதற்கும் அதுவே காரணம்.

வீட்டில் என்ன நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். நோய் என்று தெரிந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் அதிகம் ஒலித்த சொல் "உட்காருங்கள்" என்பதுதான். தண்ணீர் குடிக்க எழுந்தால் மகள், "அப்பா, நீங்கள் உட்காருங்கள், நான் எடுத்து வருகிறேன்" என்பாள். துணியை மடிக்கப் போனால் மனைவி கையிலிருந்து வாங்கிக்கொள்வாள். செருப்பைக் கூடக் காலடியில் கொண்டுவந்து வைத்தார்கள். எல்லாம் அன்புதான். நானும் அந்த அன்பை மறுக்க மனமில்லாமல் பள்ளமான மெத்தை இருக்கையில் அமிழ்ந்து உட்கார்ந்துகொண்டேன். நோயாளி என்றால் ஓய்வெடுக்க வேண்டும் என்றே நானும் நம்பினேன்.

ஒரு நாள் மதியம் வீட்டில் யாரும் இல்லை. அழைப்பு மணி அடித்தது. எழுந்திருக்கப் பார்த்தேன். இரண்டு கைகளாலும் இருக்கையை அழுத்தினேன். உடம்பு பாதி தூரம் வந்து திரும்பவும் மெத்தையிலேயே விழுந்தது. இரண்டாவது தடவை முழங்கால்கள் நடுங்கின. மூன்றாவது தடவை பக்கத்திலிருந்த சிறு மேசையைப் பிடித்தேன், அது சாய்ந்தது, மேலிருந்த கண்ணாடி டம்ளர் தரையில் விழுந்து உடைந்தது. மணி இன்னொரு முறை அடித்து நின்றது. வந்தவர் படியிறங்கிப் போகும் சத்தம் கேட்டது. அன்றைக்கு எனக்கு வலி இல்லை, காய்ச்சல் இல்லை. இரத்தப் பரிசோதனையில், இந்த நோயின் போக்கைக் காட்டும் பி.எஸ்.ஏ. என்ற புரதத்தின் அளவு மளமளவென்று இறங்கியிருந்தது. மருத்துவக் கணக்கில் நான் நன்றாகத் தேறிக்கொண்டிருந்தவன். ஆனால் என் சொந்த வீட்டுக் கதவைத் திறக்க முடியாதவனாகவும் இருந்தேன்.

அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போனபோது இதைச் சொன்னேன். அவர் ஒரு பிசியோதெரபிஸ்டிடம் அனுப்பினார். இளம் பெண். முதலில் என்னை எழச் சொல்லவில்லை. ஸ்கேன் அறிக்கையைக் கேட்டார். எந்த எலும்பில் எவ்வளவு பாதிப்பு என்று மருத்துவரிடம் தொலைபேசியில் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் நாற்காலியை இழுத்துப் போட்டார். இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். எலும்பில் நோய் பரவியவர்கள் யாரோ செய்வதைப் பார்த்து உடற்பயிற்சியில் இறங்கக் கூடாது. பலவீனமான எலும்பில் தவறான பாரம் விழுந்தால் அது முறியலாம். எனக்கு விதித்த தடைகள் தெளிவாக இருந்தன: குனிந்து பாரம் தூக்கக் கூடாது, பாரத்தோடு இடுப்பைத் திருக்கக் கூடாது, குதிக்கக் கூடாது, ஒரு பக்க இடுப்பில் அதிக எடை ஏறக் கூடாது. மற்றதெல்லாம் செய்யலாம். "செய்யக் கூடாதது நான்குதான் ஐயா. செய்யக் கூடியது நாற்பது இருக்கிறது" என்றார்.

கூடவே சில அபாய அறிகுறிகளை என் மனைவியையும் உட்காரவைத்து விளக்கினார். முதுகில் புதிதாக வலி வந்து படுத்தாலும் குறையாமல் இருப்பது, கால் திடீரென்று வலுவிழப்பது, தொடையிடுக்கில் மரத்துப்போவது, சிறுநீரோ மலமோ கட்டுப்பாடு இழப்பது. இவற்றில் ஏதாவது வந்தால் தண்டுவடம் அழுத்தப்படுகிறது என்று பொருள் கொண்டு, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளாமல் அப்போதே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும். மணிக்கணக்கில் தாமதித்தாலும் கால் நிரந்தரமாகப் போய்விடலாம். புற்றுநோய் எலும்பில் இருப்பவர் வீட்டில் எல்லோருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

பயிற்சி மிகச் சிறியதாக ஆரம்பித்தது. நாற்காலியில் இரண்டு தலையணைகளை வைத்து உயரமாக்கினோம். உயரம் கூடினால் எழுவது சுலபம். மூக்கு கால்விரல்களுக்கு நேராக வரும் வரை முன்னால் சாய்ந்து, குதிகாலைத் தரையில் அழுத்தி எழ வேண்டும். எழும்போது மூச்சை வெளியே விட வேண்டும், அடக்கக் கூடாது. உட்காரும்போது தொப்பென்று விழாமல் மூன்று எண்ணி மெல்ல இறங்க வேண்டும். அந்த இறக்கத்தில்தான் தொடை வேலை செய்கிறது என்று எனக்கு முதல் நாளே தெரிந்துவிட்டது; ஐந்தாவது முறை இறங்கும்போது தொடை துடித்தது. ஐந்து முறை, ஒரு நாளைக்கு மூன்று வேளை. இரண்டு வாரம் கழித்து ஒரு தலையணையை எடுத்தோம். இன்னும் மூன்று வாரத்தில் மற்றதையும் எடுத்தோம். பிறகு சுவரில் கை வைத்துத் தள்ளுவது, சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்துவது, அதே மேடை ஓரமாக நின்று ஒரு பாதத்துக்கு முன் இன்னொரு பாதத்தை ஒட்டி வைத்துச் சமநிலை பழகுவது, ரப்பர் பட்டையை இழுப்பது என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தன.

நடைக்கும் அதே முறைதான். முதல் வாரம் வீட்டுக்குள்ளேயே ஐந்து நிமிடம், ஒரு நாளைக்கு மூன்று தடவை. நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அந்த அளவுதான் மிதமான வேகம். உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு, இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சி, 65 வயதைக் கடந்தவர்களுக்கு மூன்று நாளாவது சமநிலைப் பயிற்சி என்று இருக்கிறது. புற்றுநோயிலிருந்து மீண்டவர்களையும் மனதில் வைத்தே அதை எழுதியிருக்கிறார்கள். 150 என்ற எண்ணைப் பார்த்ததும் எனக்கு நெஞ்சு அடைத்தது. என்னால் அப்போது ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிடம்தான் முடியும். ஆனால் அதே வழிகாட்டுதல், முடியாதவர்கள் தங்கள் உடல்நிலை அனுமதிக்கும் அளவு செய்யட்டும், கொஞ்சம் செய்வது ஒன்றும் செய்யாததைவிட மேல் என்றும் சொல்கிறது. அந்த வரியைப் பிடித்துக்கொண்டுதான் நான் தொடர்ந்தேன். 150ஐ எட்ட எனக்கு ஏழு மாதம் ஆயிற்று.

களைப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அனுபவிக்காதவர்களுக்கு அது புரிவதில்லை. உழைத்துக் களைத்தவன் தூங்கி எழுந்தால் தெளிந்துவிடுவான். புற்றுநோய்க் களைப்பு அப்படி அல்ல. பத்து மணி நேரம் தூங்கி எழுந்து, பல் துலக்கும்போதே கை கனக்கும். தூங்கித் தூங்கி அதைத் தீர்க்கலாம் என்று நினைத்த மாதங்களில் அது கூடிக்கொண்டேதான் போயிற்று. படுத்தால் தசை குறைகிறது. தசை குறைந்தால் சின்ன வேலையும் பெரிய வேலையாகிறது. அதனால் இன்னும் களைப்பு. அதனால் இன்னும் படுக்கை. இந்தச் சுழலை உடைப்பதற்கு இன்று இருப்பவற்றில் நன்கு நிரூபிக்கப்பட்ட வழி உடற்பயிற்சிதான் என்பதில் மருத்துவர்கள் ஒத்துப்போகிறார்கள். களைத்திருப்பவனிடம் போய் நட என்று சொல்வது கொடுமையாகத் தோன்றும். எனக்கும் தோன்றியது. மூன்றாவது வாரத்தின் முடிவில்தான், நடந்த நாளின் மாலை நடக்காத நாளின் மாலையைவிட இலேசாக இருந்ததைக் கவனித்தேன்.

எல்லாக் களைப்புக்கும் நடையே மருந்து என்று நான் சொல்லவில்லை. இரத்தசோகை, தைராய்டு குறைபாடு, அடங்காத வலி, தூக்கமின்மை, மனச்சோர்வு, சில மாத்திரைகள் ஆகிய எல்லாம் களைப்பைக் கொண்டுவரும். எனக்கு ஹீமோகுளோபின் குறைந்திருந்தது. இரவில் நான்கு முறை எழ வேண்டியிருந்தது. இரண்டையும் சரிசெய்த பிறகுதான் நடை பலன் தந்தது. களைப்பாக இருக்கிறது என்று பொதுவாகச் சொன்னால் வயதானவர் சொல்கிறார் என்று விட்டுவிடுகிறார்கள். நான் ஒரு சிறு குறிப்பேட்டில் காலை, மதியம், மாலை மூன்று வேளையும் பத்துக்கு எத்தனை என்று களைப்புக்கு மதிப்பெண் போட்டு எடுத்துச் சென்றேன். ஒரு மாதத்து எண்களைப் பார்த்த பிறகு மருத்துவர் கேட்ட கேள்விகளே மாறிவிட்டன.

நான் செய்த பெரிய தவறு, நல்ல நாளில் அடக்கமில்லாமல் போனது. ஒரு காலைப்பொழுதில் உடம்பு பழையபடி இருந்தது. அந்த மகிழ்ச்சியில் ஒரு மணி நேரம் நடந்துவிட்டு வந்து, அலமாரியிலிருந்த புத்தகங்களையெல்லாம் இறக்கித் தூசி தட்டி அடுக்கினேன். அடுத்த மூன்று நாள் கட்டிலை விட்டு எழவில்லை. அதைவிட மோசம், பயிற்சியால்தான் இப்படி ஆயிற்று என்று வீடே நம்பிவிட்டது. மறுபடி "உட்காருங்கள்" ஆரம்பமாயிற்று. இப்போது எனக்கு ஒரு கணக்கு உண்டு. நல்ல நாளிலும் நேற்றைய அளவைவிடப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூட்டுவதில்லை. மோசமான நாளிலும் பூஜ்யத்துக்கு இறங்குவதில்லை. கட்டிலில் உட்கார்ந்தபடி காலை நீட்டி மடக்குவதையாவது செய்கிறேன். காய்ச்சல், மயக்கம், நெஞ்சு வலி, புதிய எலும்பு வலி இருந்தால் மட்டும் எதுவும் இல்லை.

காய்ச்சல் என்றதும் கீமோ காலம் நினைவுக்கு வருகிறது. ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் ஏறக்குறைய ஏழாம் நாளிலிருந்து வெள்ளணுக்கள் குறைந்துவிடும். எந்தக் கிருமியும் அப்போது எளிதாக உள்ளே வரும். வெப்பநிலை 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் தொட்டால் உடனே வர வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். மூன்றாவது சுற்றில் ஒரு நாள் இரவு பதினொரு மணிக்கு 38.2 காட்டியது. வெப்பமானியை உதறி உறைக்குள் வைத்துவிட்டுப் படுத்தேன். மகள் காலையில் வேலைக்குப் போக வேண்டும், அவளை ஏன் எழுப்ப வேண்டும் என்று நினைத்தேன். விடியும்போது எனக்குக் குளிரில் பல் கிட்டிப்போயிருந்தது. ஐந்து நாள் மருத்துவமனையில் இருந்தேன். அந்த ஐந்து நாளும் மகள் வேலைக்குப் போகவில்லை. வயதானவர்கள் பிள்ளைகளுக்குத் தொந்தரவு கொடுக்கக் கூடாது என்று நினைத்துத்தான் இப்படிப்பட்ட தவறைச் செய்கிறோம். அந்த இரவு அவளை எழுப்பியிருந்தால் அவளுக்கும் அது உதவியாக இருந்திருக்கும். வயதான உடம்பில் கடுமையான தொற்று இருந்தாலும் காய்ச்சல் பெரிதாகத் தெரியாமல் போவதும் உண்டு. திடீர்க் குழப்பம், நடுக்கம், எழ முடியாத சோர்வு இவையும் காய்ச்சலுக்குச் சமம்.

ஹார்மோன் ஊசியின் இன்னொரு விளைவு உடம்பில் திடீரென்று பரவும் வெப்பம். மார்பில் ஆரம்பித்துக் கழுத்து, முகம் என்று ஏறி, இரண்டு மூன்று நிமிடத்தில் சட்டை நனைந்துவிடும். பிறகு குளிர் நடுக்கும். ஒரு நாளைக்கு ஏழெட்டு முறை. நான் யாரிடமும் சொல்லாமல் வெட்கப்பட்டுக்கொண்டிருந்தேன். ஒரு நள்ளிரவில் எழுந்து ஜன்னலோரம் நின்றபோது மனைவி விழித்துக்கொண்டாள். சொன்னேன். அவள் சிறிது நேரம் பேசாமலிருந்துவிட்டு, "எனக்கு மாதவிடாய் நின்றபோது இது ஐந்து வருடம் இருந்தது. நீங்கள் கேட்டதே இல்லை" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. எழுந்து வந்து என் நனைந்த சட்டையை வாங்கிக்கொண்டு உலர்ந்ததைக் கொடுத்தாள். நாற்பத்தாறு ஆண்டுகள் ஒரே அறையில் இருந்தும் எனக்குத் தெரியாமல் போன ஒன்றை அந்த இரவில் நான் அவளிடமிருந்து கற்றுக்கொண்டேன்: கட்டிலருகே ஒரு மாற்றுச் சட்டை, கனமான ஒரு போர்வைக்குப் பதில் மெல்லிய இரண்டு, வெப்பம் கிளம்பும்போதே மெதுவான ஆழ்ந்த மூச்சு, மிகச் சூடாக எதையும் குடிக்காமல் ஆறவிட்டுக் குடிப்பது. இவை போதாதவர்களுக்கு மாத்திரைகள் உண்டு. மருத்துவரிடம் வாய் திறந்து கேட்க வேண்டும்.

அந்த ஊசி கண்ணீரையும் இலகுவாக்கிவிடுகிறது. செய்தி வாசிக்கும்போது குரல் உடையும். மனம் பலவீனமாகிவிட்டதென்று பயந்தேன். ஹார்மோன் இறங்கினால் இப்படி ஆகும், பலருக்கும் ஆகிறது என்று தெரிந்த பிறகு பயம் குறைந்தது. ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் ஈடுபாடில்லாமல் இருந்தபோது அதை ஹார்மோன் என்று தள்ளிவிடாமல் மனநல ஆலோசகரைப் பார்த்தேன். பார்த்தது நல்லதாயிற்று.

உணவில் நான் மாற்றியது முக்கியமாக ஒன்றுதான்: புரதம். புற்றுநோய் உள்ளவர்களுக்கு உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் ஒரு நாளைக்குக் குறைந்தது ஒரு கிராம், முடிந்தால் ஒன்றரை கிராம் புரதம் வேண்டும் என்பது சத்துணவு நிபுணர்களின் பரிந்துரை. 60 கிலோ எடை என்றால் 60 முதல் 90 கிராம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுத்தான் இதை முடிவு செய்ய வேண்டும். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தது இதில் பாதிகூட இல்லை. முட்டை, பால், பயறு, மீன் என்று எது ஒத்துக்கொள்கிறதோ அதை ஒரே வேளையில் குவிக்காமல் மூன்று வேளைக்கும் பிரித்தேன். கீமோ நாட்களில் நாக்கில் உலோகச் சுவை இருந்தது. பசி வரும் வரை காத்திருந்தால் சாப்பிடவே மாட்டேன் என்பதால் கடிகாரத்தைப் பார்த்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை சிறிது சிறிதாகச் சாப்பிட்டேன். வாரம் ஒரு நாள், அதே காலை நேரத்தில் எடை பார்க்கிறேன். ஏறினாலும் இறங்கினாலும் குறித்து வைக்கிறேன். எடை ஏறுவதைப் பார்த்து உடம்பு தேறுகிறது என்று மகிழ்ந்ததும் என் தவறு; ஏறியது இடுப்புச் சுற்றளவு, கால் மெலிந்துகொண்டுதான் இருந்தது.

எலும்புக்குக் கால்சியமும் வைட்டமின் டியும் மருத்துவர் சொன்ன அளவில் எடுக்கிறேன். எலும்பை வலுவாக்கும் ஊசி தொடங்குமுன் பல் மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். அந்த மருந்து உடம்பில் இருக்கும்போது பல் பிடுங்கினால் தாடையெலும்பு ஆறாமல் போகும் ஆபத்து உண்டு. எனக்கு இதை நேரத்தில் சொன்னார்கள். ஆடிக்கொண்டிருந்த ஒரு கடைவாய்ப்பல்லை முன்னதாகவே எடுத்துவிட்டோம். பலரும் அன்போடு மூலிகைப் பொடிகளையும் மாத்திரைகளையும் சிபாரிசு செய்தார்கள். அவர்கள் மனதைப் புண்படுத்தாமல் வாங்கி வைத்துக்கொண்டு, அடுத்த முறை மருத்துவரிடம் டப்பாக்களையே எடுத்துச் சென்று காட்டினேன். ஒன்றை உடனே நிறுத்தச் சொன்னார். இயற்கையானது என்பதற்காக அது மற்ற மருந்தோடு மோதாது என்று இல்லை.

இரவில் கீழே விழும் ஆபத்தைத் தனியாகக் கவனிக்க வேண்டும். சிறுநீர் அவசரம், தூக்கக் கலக்கம், படுக்கையிலிருந்து திடீரென்று எழுந்தால் இறங்கும் இரத்த அழுத்தம், கீமோவால் மரத்துப்போன பாதம், எல்லாம் ஒன்றாகச் சேர்கிற நேரம் அது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து மெதுவாக இருபது எண்ணிவிட்டு எழுகிறேன். கட்டிலிலிருந்து கழிவறை வரை தரையில் ஒன்றும் கிடக்காது. சிறு விளக்கு இரவெல்லாம் எரியும். கழிவறைச் சுவரில் கைப்பிடி பொருத்தியிருக்கிறோம். சிறுநீரை அடக்கும் தசைகளுக்கான பயிற்சி பெண்களுக்கு மட்டும் உரியது என்று நினைத்திருந்தேன். ஆண்களுக்கும் பயன்படும். சிறுநீரைப் பாதியில் நிறுத்துவதுபோல் இடுப்படித் தசையை இறுக்கி, ஐந்து எண்ணி, தளர்த்த வேண்டும். நான்கு முறை எழுந்துகொண்டிருந்தவன் இப்போது இரண்டு முறை எழுகிறேன். மாலைக்குப் பிறகு நீர் குடிப்பதைக் குறைத்ததும் இதற்குக் காரணம்.

வீட்டில் பேசி ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டோம். மூன்று வேலைகள் என்னுடையவை: துணி மடிப்பது, செடிகளுக்குச் சிறு குவளையில் நீர் ஊற்றுவது, அழைப்பு மணி அடித்தால் கதவைத் திறப்பது. நான் எவ்வளவு மெதுவாகச் செய்தாலும் யாரும் குறுக்கே வரக் கூடாது. மகளுக்கு இது மிகக் கடினமாக இருந்தது. நான் துணியை மடிக்கும்போது அவள் கைகளைப் பிசைந்துகொண்டு நிற்பாள். ஒரு நாள் நேராகவே சொன்னேன்: "அம்மா, நீ எனக்காக எழுந்து நடக்கும் ஒவ்வொரு அடியும் நான் நடந்திருக்க வேண்டிய அடி." அவள் அழுதாள். மறுநாள் முதல் தண்ணீர் கொண்டுவருவதை நிறுத்தினாள். நலம் விசாரிக்க வருகிறவர்களிடமும், உட்கார்ந்து பேசுவதற்குப் பதில் கூட நடந்து பேசலாமா என்று கேட்கிறேன். பெரும்பாலும் சந்தோஷமாக வருகிறார்கள். நோயாளியின் முன்னால் என்ன பேசுவதென்று தெரியாமல் தவிப்பவர்களுக்கும் நடக்கும்போது பேச்சு சுலபமாக வருகிறது.

உடற்பயிற்சி ஆயுளைக் கூட்டுமா என்று கேட்பார்கள். 2025இல் ஒரு பெரிய ஆய்வின் முடிவு வந்தது. பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவையும் கீமோவும் முடித்த 889 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு மூன்று ஆண்டுகள் பயிற்சியாளரோடு கூடிய உடற்பயிற்சியும் மறு பிரிவுக்கு அறிவுரைப் புத்தகமும் கொடுத்தார்கள். எட்டு ஆண்டுகள் கழித்துப் பயிற்சிப் பிரிவில் 90 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். மற்றதில் 83 சதவீதம். அது வேறு நோய், வேறு கட்டம். என் நோய்க்கும் அப்படியே பொருந்தும் என்று நான் சொல்ல மாட்டேன். எனக்கு நாட்களின் எண்ணிக்கையைவிட அந்த நாட்களில் நானே எழுந்து குளித்து, நானே கதவைத் திறப்பது பெரிது. அதற்குக் கால் வேண்டும்.

இப்போது எனக்கு 74 வயது. வாரம் ஒரு முறை மனைவி கடிகாரத்தோடு எதிரே உட்கார்ந்து எண்ணுகிறாள். சென்ற ஆண்டு இறுதியில் 13 வரை வந்தேன். சளிக் காய்ச்சலுக்குப் பிறகு 9ஆக இறங்கியது. ஆறு வாரத்தில் 11 ஆனது. இறங்குவது ஒரு வாரத்தில் நடக்கிறது, ஏறுவதற்குப் பல வாரம் ஆகிறது. இந்த வயதில் அது அப்படித்தான்.

சென்ற மாதம் பி.எஸ்.ஏ. மெதுவாக ஏற ஆரம்பித்தது. ஸ்கேனில் இடது விலா எலும்பில் புதிதாக ஒரு புள்ளி தெரிகிறது. புதிய மாத்திரை தொடங்கியிருக்கிறார்கள். இரத்த அழுத்தத்தையும் பொட்டாசியத்தையும் அடிக்கடி பார்க்க வேண்டுமாம். முடிவைக் கேட்ட அன்று நடக்கப் போகவில்லை. மனைவியும் நானும் விளக்குப் போடாமல் நெடுநேரம் உட்கார்ந்திருந்தோம். மறுநாள் பத்து நிமிடம் நடந்தோம். வியாழக்கிழமை அந்த அறிக்கையை எடுத்துக்கொண்டு பிசியோதெரபிஸ்டைப் பார்க்கப் போகிறேன். ரப்பர் பட்டையை இடது கையால் இழுக்கலாமா, சுவரில் கை ஊன்றித் தள்ளலாமா என்று அவரிடம் கேட்க வேண்டும். அதுவரை கைக்குப் பயிற்சி இல்லை. நாற்காலி மட்டும், காலையில் பத்து, மாலையில் பத்து.